தாது வருசத்து மழையும் தேக்கு மரமும்

தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் எங்கள் பாட்டி, "நீ தாது வருசத்துல பொறந்திருக்கணும்" என்பார். அந்தப் பஞ்சத்தை அவர் பார்த்ததில்லை, அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டதுதான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம். எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே ஒன்று: மழை பொய்த்துப் போச்சு.

சரி, எவ்வளவு பொய்த்தது? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875இல்தான், பஞ்சத்துக்கு ஒரு வருடம் முன்பு. அதற்கு முன்னும் சென்னை போன்ற சில ஊர்களில் மழையை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வறட்சி அவ்வப்போது வருகிற ஒன்றா, அபூர்வமான ஒன்றா என்று சொல்ல ஐம்பது அறுபது வருடக் கணக்கு போதாது. பல நூறு வருடங்கள் வேண்டும். அந்தக் கணக்கை மரங்கள் வைத்திருக்கின்றன.

நம் பக்கத்து மரங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒன்றென்று தெளிவான வளையம் போடுவதில்லை. தேக்கு அப்படியில்லை. கோடையில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். மழை வந்து துளிர்க்கும்போது முதலில் பெரிய துளைகளுள்ள கட்டையை உண்டாக்கும். அறுத்த தேக்கின் குறுக்குமுகத்தை உற்றுப் பார்த்தால் அந்தத் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒரு வரிசை, ஒரு புது வருடம். மழை நன்றாகப் பெய்திருந்தால் வளையம் அகலமாக இருக்கும், இல்லாவிட்டால் ஒடுங்கிவிடும்.

ஆனால் சும்மா எண்ணிவிட்டு வருடம் சொல்லிவிட முடியாது. மோசமான ஆண்டில் ஒரு மரம் வளையமே போடாமல் இருந்துவிடலாம். மழை இடையில் நின்று மறுபடி பெய்தால் ஒரே ஆண்டில் இரண்டு போலத் தெரியலாம். அதனால் பல மரங்களின் அகலம், ஒடுக்கம் வரும் வரிசையை ஒன்றோடொன்று பொருத்தி, எல்லா மரமும் ஒத்துச் சொல்கிற ஆண்டை எடுத்துக்கொள்கிறார்கள். இந்த முறையை வளர்த்தெடுத்த ஏ. இ. டக்ளஸ் ஓர் அமெரிக்க வானியலாளர் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. மரத்தை வெட்டவும் வேண்டியதில்லை. பென்சில் கனத்துக்கும் குறைவாக ஒரு குச்சியைத் துளைத்து எடுத்தால் போதும், மரம் பிழைத்துக்கொள்ளும்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் கேரளத் தேக்குகளைக் கொண்டு இப்படி 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ வந்து பருவமழை குறைந்த ஆண்டுகளில் மரங்களும் குன்றியிருக்கின்றன. 2010இல் மர வளைய ஆய்வாளர் எட்வர்ட் குக்கும் குழுவினரும் ஆசியாவின் முந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களின் வளையங்களைச் சேர்த்து, பல நூற்றாண்டு வறட்சிகளை வரைபடமாக்கினார்கள். நம் தாது வருசம் அதில் அழுத்தமாகத் தெரிகிறது. 1790களில் ஒன்று இருக்கிறது. 1756 முதல் 1768 வரை இந்தியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் வாட்டிய நீண்ட வறட்சியும் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வரைபடம் பேசுவது ஆனி, ஆடி, ஆவணிக் காலத்தைப் பற்றி. நம் சமவெளி நம்பியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது முழுச் சாட்சி ஆகாது.

ஆக, மழை பொய்த்தது உண்மை. பாட்டி சொன்னதில் தவறில்லை. ஆனால் அதோடு கதையை முடித்து, பஞ்சத்தை இயற்கைச் சீற்றம் என்று எழுதிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மரம் சொல்வது மண்ணில் ஈரம் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும்தான். 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியா பேரரசியானதை அறிவிக்க வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தியது எந்த வளையத்திலும் இல்லை. இங்கே சனங்கள் செத்துக்கொண்டிருக்க, இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியதும் எந்த வளையத்திலும் இல்லை. லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும், அதாவது 450 கிராம், அதன்மேல் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதில் ஆள் பிழைக்க முடியாது என்று அப்போதே எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் அது உயர்ந்தது. இந்தியாவில் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள்.

வானம் செய்தது எவ்வளவு என்று இப்போது மரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது. அதனால்தான் மீதிக்கு யார் பொறுப்பு என்று இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்கிறேன். அந்த மீதியின் தடயமும் கண்ணெதிரே கிடக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் பக்கம் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும்.