ஸ்பிரிங் மேல் பழி போடும் முன்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு பக்கம் காலித் தோட்டா தெறிக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லிவிட்டு, நான் படித்த ஒரு கட்டுரை நின்றுவிட்டது. அவசர வைத்தியம்!

பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அதிகம் காண்பது சவுத்கேட் வகை எஜெக்டர், அதாவது சுட்ட காலித் தோட்டாவை வெளியே தெறிக்க வைக்கும் பொறி. அதன் ஸ்பிரிங்கும் தட்டிவிடும் சுத்தியும் முன்கட்டைக்குள் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) இருக்கும். குழல் காலி என்று உறுதி செய்துவிட்டு, இரண்டிலும் ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு மூடி, வலது குழலின் விசையை மட்டும் இழுங்கள். திறந்தால் வலது தெறிக்கணும், இடது லேசாக எழும்பி நிற்கணும். அப்புறம் இடது. கடைசியில் இரண்டும் சேர்த்து: ஒரே 'டக்' கேட்டால் சரி, 'டடக்' என்றால் ஒன்று பிந்துகிறது.

ஸ்னாப் கேப் தெறித்து, சுட்ட தோட்டா மட்டும் சிக்கினால் எஜெக்டரை விட்டுவிட்டு, குழலில் தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள். துருக்குழி இருக்கும். அல்லது 65 மி.மீ. அறையில் 70 மி.மீ. தோட்டா போட்டிருப்பார்கள், அழுத்தம் எகிறும், பழைய குழலுக்கு அது ஆபத்து.

இரண்டு பக்கமும் சோம்பலாக எழும்பினால் பெரும்பாலும் பிசினாகிப்போன பழைய எண்ணெய்தான். மண்ணெண்ணெயில் பல்துலக்கும் பிரஷ் நனைத்துக் கழுவி, துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் மரம் குடித்து ஊறிப்போகும்.

கழற்றிய முன்கட்டை திரும்ப ஏற மறுத்தால் சுத்தி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். கடினமான மரத்துண்டில் அழுத்திப் பின்னுக்குத் தள்ளினால் மடங்கிக்கொள்ளும். விரல் ஜாக்கிரதை, அந்த ஸ்பிரிங் நகத்தையே பெயர்த்துவிடும்.