30 நாள் என்று எழுதியிருந்தது, 2 நாளில் போய்விட்டது

சென்ற டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மொரிஷியஸின் எபேன் நகர அலுவலகத்தில், பேக்கப் (கோப்புகளின் காப்பு நகல்) வேலை பார்க்கும் என் மேசைக்கு முன்னால் சம்பளப் பிரிவு அக்கா வந்து நின்றார். ரோஸ் ஹில்காரர். தமிழைப் பள்ளியில் பாடமாகப் படித்தவர். வீட்டிலும் வெளியிலும் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனால் கலக்கம் வந்தால் வாயிலிருந்து முதலில் விழுவது "அய்யோ". மொரிஷியஸில் அது கிரியோல் சொல்லாகவே ஆகிவிட்டது; தமிழர் அல்லாதவர்களும் தாராளமாகச் சொல்கிறார்கள். அன்றைய பேச்சும் அய்யோவில்தான் தொடங்கியது.

பதின்மூன்றாம் மாதச் சம்பளக் கணக்கு. இந்த நாட்டில் ஆண்டு இறுதி போனஸ் முதலாளியின் தயவு அல்ல, சட்டம். அதில் பெரும்பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்பே கைக்கு வந்தாக வேண்டும். 312 பேருக்கான எக்செல் கோப்பு. புதன்கிழமை அதில் ஒரு நெடுவரிசையின் மேல் இன்னொன்றை அக்கா தவறுதலாக ஒட்டிவிட்டார். சூத்திரங்கள் போய் வெறும் எண்கள் நின்றன. அவையும் ஒரு வரி கீழே இறங்கி நின்றன. ஒவ்வொருவருக்கும் பக்கத்து ஆளின் வேலைநாள். பார்த்தால் பிசகு தெரியாது. வியாழனும் அதே கோப்பில் நாள் முழுவதும் வேலை செய்து சேமித்திருக்கிறார். நவம்பரில் சேர்ந்த காவலாளி ஒருவருக்கு முழு ஆண்டு போனஸ் விழுந்திருப்பது வெள்ளி காலை கண்ணில் பட்டபோதுதான் சங்கதி விளங்கியது.

"தம்பி, செவ்வாய்க்கிழமைக் கோப்பை எடுத்துக் கொடுங்கள். எனக்கு அது போதும்."

"ஐந்து நிமிடம், அக்கா" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மீட்புத் திரையில் அந்தக் கோப்புக்கு இரண்டே வரிகள் இருந்தன. வியாழன் இரவு. புதன் இரவு. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மேலாளர் வந்தார். கையில் பேக்கப் கொள்கைத் தாள். அதில் 30 நாள் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அவரே கையெழுத்திட்டிருக்கிறார். "செவ்வாய் என்பது முப்பது நாளுக்கு முன்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் நா எழவில்லை.

இந்தத் தொழிலில் இல்லாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். ஐபிஎம் நிறுவனத்தின் பேக்கப் மென்பொருள் ஒன்று 1993 முதல் புழக்கத்தில் இருக்கிறது. முதலில் ஏடிஎஸ்எம், பிறகு டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர், பிறகு ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட், இப்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட். கல்யாணமாகிப் போன வீடுதோறும் பெயர் மாறிய பெண்ணைப் போல. யாரும் மாற்றாதவரை அதோடு வரும் ஆயத்தக் கொள்கையில் நான்கு எண்கள் உண்டு: 2, 1, 30, 60. கோப்பு உயிரோடு இருக்கும்வரை மொத்தம் 2 பதிப்புகள். பயனர் அதை அழித்துவிட்டால் 1 பதிப்பு. நடப்பிலிருந்து விலகிய பழைய பதிப்புக்கு 30 நாள் ஆயுள். அழிந்த கோப்பின் கடைசிப் பதிப்புக்கு 60 நாள்.

இப்போது சூட்சுமத்தைப் பாருங்கள். 2 என்பதும் 30 என்பதும் கூட்டாளிகள் அல்ல. எது முந்துகிறதோ அது கழுத்தை அறுக்கும். மாதம் ஒருமுறை மாறும் கோப்புக்கு 30 நாள் என்பது உண்மை. நாள்தோறும் மாறும் கோப்புக்கு அந்த 30 வெறும் அலங்காரம். செவ்வாய் இரவு நல்ல பதிப்பு ஏறியது. புதன் இரவு கெட்டது ஏறியபோது நல்லது பழைய பதிப்பாகி இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தது. வியாழன் இரவு இன்னொரு கெட்டது ஏறியதும் மூன்றாமவருக்கு இடமில்லை. நல்லது வெளியே போயிற்று. மென்பொருள் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது. அந்த 2 என்ற எண்ணைப் பார்த்தும் மாற்றாமல் விட்டவன் நான்தான். கொள்கைத் தாளில் 30ஐ மட்டும் எடுத்து எழுதி மேலாளரிடம் நீட்டியவனும் நானே.

அழித்தல் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. "கோப்பு கெட்டுவிட்டது, தொலையட்டும்" என்று பயனர் அதை அழித்துவிட்டு வேறு பெயரில் புதிதாகத் தொடங்குகிறார் என்று வையுங்கள். அன்றிரவு பேக்கப் ஓடும்போது கோப்பு காணவில்லை என்று சர்வருக்குத் தெரிகிறது. உடனே 2 என்ற வரம்பு 1 ஆகச் சுருங்குகிறது. மிஞ்சும் அந்த ஒன்று எது? கடைசியாக ஏறியது, அதாவது கெட்டது. நல்ல பதிப்பு இரண்டாம் இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்திருந்தால் அதற்கும் சேர்த்து முடிவு. பதறி அழிப்பவர்கள் தங்கள் கயிற்றைத் தாங்களே அறுக்கிறார்கள். பாவம், அவர்களிடம் இதை யாரும் சொன்னதில்லை.

"டேப்பில் எங்காவது இருக்குமே?" என்று, பேக்கப் எழுதிவைக்கும் காந்த நாடாவைச் சொல்லி மேலாளர் கேட்டார். இருக்கும். பதிப்பு காலாவதியானால் டேப்பில் எழுதியது அந்த நொடியே மறைந்துவிடாது. சரக்கு கிடங்கில்தான் இருக்கிறது; எந்தத் தட்டில் என்று சொல்லும் பேரேட்டுப் பக்கத்தைத்தான் கிழித்தாயிற்று. பேக்கப் சர்வரின் சொந்தத் தரவுத்தளத்தையே புதன்கிழமைக்குப் பின்னோக்கி நகர்த்தினால், அதுவும் அந்த டேப்பின் மேல் வேறெதுவும் எழுதப்படாமல் இருந்தால், எடுக்கலாம். ஓர் எக்செல் கோப்புக்காக அதை யாரும் செய்யமாட்டார்கள். நாங்களும் செய்யவில்லை.

எங்களைக் காப்பாற்றியது காகிதம். பெரியவர் ஒருவருக்குத் திரையில் படிக்க வராது என்பதால் அக்கா திங்கள் மாலை எல்லாவற்றையும் அச்செடுத்துப் பெட்டிக் கோப்பில் வைத்திருந்தார். சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். பக்கத்தில் ஒரு காகிதப் பையில் காத்தோ பீமா. நம் பருப்பு வடைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை. அக்காவுக்கு எண்கள் பிரெஞ்சில்தான் வரும். 97 என்பதற்குப் பிரெஞ்சில் "கத்ர வேன் தீஸ் செத்": நான்கு இருபது, பத்து, ஏழு. அவர் "கத்ர" என்றதும் என் விரல் 4ஐத் தட்டிவிடும். பிறகு அழித்து 8. பிறகு அதையும் அழித்து 9. பகல் ஒரு மணிக்குள், முழு எண்ணையும் சொல்லி முடித்தபின் மேசையைத் தட்டுவது, அதுவரை நான் விசைப்பலகையைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தமாயிற்று.

நடுவில் அவர் ஒரு கதை சொன்னார். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1834 முதல் கப்பலில் வந்து இறங்கிய ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரின் கதை அந்தப் பேரேடுகளில் கிடக்கிறது: எண், பெயர், ஊர், சாதி, உயரம், உடல் அடையாளம், பலருக்குப் புகைப்படமும் உண்டு. அக்கா தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போயிருக்கிறார். ஆறுமுகம் என்ற பெயர் மூன்று காகிதங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததாம். எழுதியவர்களின் காது அப்படி. "மூன்றும் இருந்ததால்தான் தம்பி, மூவரும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க முடிந்தது" என்றார். எந்த எழுத்தர் எந்தக் கொள்கையின்படி அவற்றை வைத்திருந்தாரோ, அவருக்கு வந்தனம்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது இந்தத் தீவுக்குப் புதிதல்ல என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. 1998இல் புது ரூபாய் நோட்டுகள் வந்தபோது, ஆங்கிலத்துக்கு அடுத்து வழக்கமாக இருந்த தமிழ் மூன்றாம் இடத்துக்கு இறங்கி, தேவநாகரி மேலே ஏறியிருந்தது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன; பழைய வரிசையிலேயே மறுபடி அச்சாகின. முந்தைய பதிப்பு எப்படி இருந்தது என்பதற்கு அன்று சான்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருந்தது. அத்தனை சிறந்த பேக்கப்பை நான் பார்த்ததில்லை.

இனி என் வழக்கு. இங்கே நிர்வாகிகளுக்குப் பேக்கப் என்றால் சூறாவளிதான். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தபின், எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி: "வேறு இடத்தில் நகல் இருக்கிறதா?" இருக்கிறது. மேட்டுநிலத்தில், இன்னொரு கட்டடத்தில், அழகாக இருக்கிறது. அக்காவின் கெட்ட கோப்பும் அன்றிரவே அங்கே போய்ப் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. சூறாவளிக்கு ஒன்றாம் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று நான்கு வரை வானிலைத் துறை படிப்படியாகச் சொல்கிறது. நாமும் மெழுகுவர்த்தி, ரொட்டி வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஒட்டிக் கெடுத்த நெடுவரிசைக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் இந்த ரகம்தான். கோப்பின் பெயரை மாற்றாமல் உள்ளேயே பூட்டிவிட்டால், சர்வரின் கண்ணுக்கு அது பயனர் சேமித்த புதுப் பதிப்பு. பூட்டிய கோப்பு இன்னொருமுறை மாறி, இரண்டு இரவு யாரும் கவனிக்காவிட்டால் நல்ல பதிப்பு வெளியே.

"எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?" என்று பிரிவுகளைக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியே தப்பு. யாரைக் கேட்டாலும் "எப்போதும்" என்பார்கள், அல்லது தோளைக் குலுக்குவார்கள். "இந்தக் கோப்பில் ஒரு தவறு நுழைந்தால் எத்தனை நாள் கழித்து உங்கள் கண்ணில் படும்?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். சம்பளப் பிரிவு சொன்னது: ஒரு மாதம், சம்பளச் சீட்டு கைக்குப் போய் யாராவது சண்டைக்கு வரும்வரை. கணக்குப் பிரிவு: தணிக்கையாளர் வரும்வரை, ஓர் ஆண்டுகூட ஆகலாம். ஒப்பந்தங்கள் பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே, "எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லும்வரை" என்றார். வைத்திருக்கும் காலம் அந்த நாள் கணக்கைவிட நீளமாக இருக்க வேண்டும்.

பயனர் கோப்புகளுக்குப் பதிப்பு எண்ணிக்கை வரம்பு என்பதே கூடாது என்பது என் கட்சி. எண்ணிக்கையை வரம்பில்லாமல் விட்டு, நாளை மட்டும் வரம்பாக வையுங்கள். அப்போதுதான் 90 நாள் என்றால் 90 நாள். இடம் போதாது என்பார்கள். அக்காவின் கோப்பு 4 எம்பி. மாதம் 22 வேலைநாளும் மாறினாலும் 88 எம்பி. மூன்று மாதத்துக்கு 264. கைபேசியில் எடுத்த கல்யாண வீடியோ ஒன்று அதைவிடப் பெரிது. நாள்தோறும் மாறும் 200 ஜிபி தரவுத்தள முழு நகலுக்கு வேறு கணக்கு. அதற்கு எண்ணிக்கை வரம்பு போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். இரண்டையும் ஒரே கொள்கையில் கட்டிப்போடுவதுதான் குற்றம்.

இது ஒரு மென்பொருளின் கதை மட்டும் அல்ல. கூகுள் டிரைவில் போட்டுவைக்கும் எக்செல் கோப்பின் பழைய பதிப்புகளுக்கும் 30 நாள் அல்லது 100 பதிப்பு என்ற இரட்டைக் கத்தி உண்டு. விண்டோஸ் பகிர்வுக் கோப்புறைகளுக்கு அவ்வப்போது எடுத்துவைக்கும் பழைய நிலைகள், அதாவது நிழல் நகல்கள், ஒரு வட்டுத் தொகுதிக்கு 64தான். தாத்தா, அப்பா, மகன் என்று மாதம், வாரம், நாள் வாரியாக அடுக்கும் பழைய முறையிலும் ஓட்டை இருக்கிறது: செவ்வாய் பிறந்து வியாழன் இறந்த கோப்பு அப்பாவாகவே ஆவதில்லை, தாத்தா எங்கிருந்து?

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்போம் என்று குதிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் முடிந்த தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது. அதே சமயம் அழிக்கும் கத்தியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தில், டீம்ஸ் அரட்டைகளை எத்தனை காலம் வைத்திருப்பது என்ற தக்கவைப்புக் கொள்கையிலிருந்து ஒரே ஒரு பயனரை நீக்கப் போய், அந்த மாற்றம் தவறுதலாக எல்லோருக்கும் பாய்ந்தது. 1,45,000 பேரின் தனிப்பட்ட அரட்டைகள் போயின. அழிக்கும் கொள்கையை மாற்ற இருவர் ஒப்புதல் வேண்டும் என்று நான் சொன்னால் அலுவலகத்தில் கொட்டாவி விடுகிறார்கள்.

இப்போது எங்கள் சர்வரில் பயனர் கோப்புகளுக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை; பழைய பதிப்புக்கு 90 நாள், அழிந்த கோப்பின் கடைசிப் பதிப்புக்கு 400. கணக்குப் பிரிவின் மாதக் கடைசிக் கோப்புகளைப் பேக்கப்பில் நம்பி வைக்காமல் தனி ஆவணக் காப்பாக, 7 ஆண்டுக்கு எடுக்கிறோம். மீண்டும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பலருக்கு இதில் வீண் பயம் இருக்கிறது: பத்து ஆண்டு தொடாத கோப்பு 90 நாளில் மறைந்துவிடாது. நடப்புப் பதிப்பின் மேல் இந்தக் கடிகாரம் ஓடுவதே இல்லை. அது பழையதாகிற இரவிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறது.

திங்கட்கிழமை செலவுக் கூட்டம். 90ஐ 45 ஆக்கச் சொல்லப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. நான் அக்காவையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கிறேன். பெட்டிக் கோப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.