பேக்லாஷும் பினியன் ஆழமும் வேறு வேறு
வண்டியின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனை, அதாவது பெரிய கிரவுன் வீலும் அதைச் சுற்றும் சிறிய பினியனும் சேர்ந்த பல்சக்கர ஜோடியை, புதிதாக மாற்றும்போது பழைய ஷிம்மையே (மெல்லிய உலோக வளையம்) போட்டு, பேக்லாஷை (இரண்டின் பற்களுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) மட்டும் சரிசெய்துவிட்டால் பினியன் ஆழமும் தானாக அமைந்துவிடும் என்று அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி அமைவதில்லை. கிரவுன் வீலைப் பக்கவாட்டில் நகர்த்திப் பெறும் அளவே பேக்லாஷ். பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான ஆக்சில்களில் அதன் பேரிங்கை ஒட்டிய ஷிம்மின் கனமே தீர்மானிக்கிறது. இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்: நான்கைந்து பற்களில் மார்க்கிங் புளூவை (பல் தொடும் இடத்தைக் காட்டும் நீலப் பசை) மெல்லியதாகத் தடவி, கிரவுன் வீலைச் சற்றுத் தடுத்துப் பிடித்தபடி பினியனைச் சுற்றினால், பேக்லாஷ் சரியாக இருந்தும் தடம் பல்லின் அடியில் விழுமானால் பினியன் மிக நெருங்கியும், மேல்விளிம்பில் விழுமானால் விலகியும் நிற்கிறது.