பழைய பஞ்சாங்கம் பேசுகிறேன்

அந்த நாற்பது வினாடி வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எண்பதுகளின் குத்துச்சண்டை சாம்பியன் மார்வின் ஹேக்ளர் குத்துகிறார், எதிராளி ஷுகர் ரே லெனார்ட் நழுவுகிறார், குத்து காற்றில் போகிறது. கூடவே ஒரு தீர்ப்பு: இன்றைய மிடில்வெயிட் (160 பவுண்டு எடைப்பிரிவு) ஆட்களில் யாரிடம் விட்டாலும் ஹேக்ளர் ஆறு சுற்று தாங்கமாட்டாராம். மறுத்துப் பேசிய எனக்குக் கிடைத்த பட்டம் 'பழைய பஞ்சாங்கம்'. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். கோபமெல்லாம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு இதை எழுதுவதை வைத்து நீங்களாக எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அந்த வீடியோவில் இருப்பது 1987 ஏப்ரல் 6, ஹேக்ளருடைய கடைசிச் சண்டை. 67 சண்டை, 62 வெற்றி, அதில் 52 நாக்அவுட். அத்தனையும் கிடக்க, கடைசி ராத்திரியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்து ஆளை அளக்கிறீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். யாரோடு மோதினார் என்று பாருங்கள்.

1980இல் வெம்பிளியில் ஆலன் மின்டரை மூன்றே சுற்றில் முடித்துப் பட்டம் வாங்கினார், கூட்டம் பாட்டில் வீசியது. அதன்பின் 12 முறை பட்டத்தைக் காத்தார். அந்தப் பன்னிரண்டில் கடைசி மணி வரை நின்றவர் பனாமாக்காரர் ரொபெர்டோ துரான் ஒருவர்தான். 1976இல் தன்னைத் தோற்கடித்த இரண்டு பேரையும் பிற்பாடு மறுபடி சந்தித்து ஜெயித்தார். 1979இல் டிரா என்று சொல்லி அவருக்குப் பட்டம் கிடைக்காமல் செய்தார்களே, அன்றைய சாம்பியன் அன்டுவோஃபெர்மோ, அவரையும் விடவில்லை. இன்று? 2025 பிப்ரவரியில் ரியாத்தில் மிடில்வெயிட் பட்டத்துக்கு அடாமெஸும் ஷீராஸும் மோதி டிரா செய்தார்கள், மறுபடி மோதாமல் அடுத்த சண்டைக்கே ஷீராஸ் மேல் எடைக்குப் போய்விட்டார். ஆறடி மூன்றங்குல ஆளுக்கு 160 பவுண்டு கஷ்டம்தான், புரிகிறது. இந்தக் காலத்து மிடில்வெயிட் ஜானிபெக் அலிம்கானுலி திறமைசாலி, அதையும் மறுக்கவில்லை. ஆனால் ஹேக்ளர் வீழ்த்திய தாமஸ் ஹேர்ன்ஸ் போல அவருடைய ஹேர்ன்ஸ் யார்? அவருடைய துரான் யார்? யாரோடு மோதினார்?

உடனே ஒருவர் வருவார், "அவர்களெல்லாம் சின்ன எடையிலிருந்து வந்தவர்கள்தானே" என்று. வந்தவர்கள்தான். அந்த ஹேர்ன்ஸ் 1987இல் லைட் ஹெவிவெயிட் பட்டமே வாங்கினார். அந்தத் துரான் 1989இல் பார்க்லியை வீழ்த்தி மிடில்வெயிட் பட்டம் வாங்கினார். 2024இல் மிடில்வெயிட் சாம்பியன் லாரா, தன் 41 வயதில், டேனி கார்சியாவோடு மோதிப் பட்டத்தைக் காத்தாரே, கார்சியா என்ன பிறவி மிடில்வெயிட்டா? அப்போது இந்தக் கணக்கு ஏன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை?

பயிற்சி, உணவு, விஞ்ஞானம் எல்லாம் முன்னேறிவிட்டது என்பார்கள். இருக்கலாம். இன்று பட்டச் சண்டை 12 சுற்றுதான்; 15 சுற்று ஓடிய ஆளிடம் போய்ச் சொல்லுங்கள்.

லெனார்டுடன் ஆரம்பச் சுற்றுகளில் ஹேக்ளர் வலதுகைக்காரர் போல நின்றதை மட்டும் என்னாலும் நியாயப்படுத்த முடியாது. இடதுகைக்காரனுக்கு அந்த இடதுகை நிலைதானே ஆயுதம்! எனக்குத் தெரியும், நானும் இடதுகைக்காரன். இரண்டு வருடம் க்ளவுஸ் போட்டேன். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) என்னோடு யாரும் விரும்பி நிற்கமாட்டார்கள், குத்து எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாது என்பார்கள். முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது கோச் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் மறுபடி அடுத்த மாதம். மூன்றாவது முறைக்குப் பிறகு நான் போகவில்லை.

அதனால்தானோ என்னவோ, 1973இல் தொழில்முறைக்கு வந்த ஹேக்ளருக்கு ஏறக்குறைய ஐம்பது சண்டை போட்ட பிறகுதான் முதல் பட்டச் சண்டையே கிடைத்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ செய்யும். நான் ஹேக்ளர் இல்லை, தெரியும், அதைச் சொல்லிச் சிரிக்க யாரும் சிரமப்பட வேண்டாம். ஆனால் காத்திருக்க வைப்பது என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். அவ்வளவு காத்திருந்தவருக்குக் கடைசியில் என்ன கொடுத்தார்கள்? அந்த லெனார்ட் சண்டையில் ஒரு நடுவர் 115-113 என்று ஹேக்ளருக்கு, இன்னொருவர் அதே கணக்கில் லெனார்டுக்கு, மூன்றாமவர் 118-110 என்று லெனார்டுக்கு. பன்னிரண்டில் பத்துச் சுற்று லெனார்டுக்காம்! அந்த ராத்திரியைத்தான் நீங்கள் வெட்டிப் போட்டுச் சிரிக்கிறீர்கள்.

ஹேக்ளர் அதன்பின் ரிங்கில் ஏறவே இல்லை. இத்தாலிக்குப் போய் நடிக்க ஆரம்பித்தார். 2021இல் இறந்தும் போனார்.

வீடியோ போட்ட தம்பிக்கு: 1985 ஏப்ரல் 15, ஹேர்ன்ஸ் சண்டை. மூன்று சுற்றுகூட முழுதாக இல்லை. நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு வா. வெட்டாமல் பார்.