முகமூடிக்காரனும் மொட்டைக் கடுதாசியும்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். இலையில் உட்காருவதற்குள் "எந்த ஊரு, யாரு வீடு" என்று இரண்டு ஆச்சிகளாவது கேட்டுவிடுவார்கள். நகரத்தார் வீடு என்றால் "எந்தக் கோயில்" என்பதும் சேர்ந்துகொள்ளும். நகரத்தாருக்குள்ள ஒன்பது கோயில்களில் எது என்று சொன்னால் போதும், மூன்று தலைமுறைக் கதையை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். இப்படி ஓர் ஊரில் வளர்ந்தவனுக்கு முகமூடி நாயகன் மேல் மயக்கம் வராமல் இருக்குமா? அவன் பத்துப் பேரைத் தூக்கி அடிப்பது இருக்கட்டும். அடித்துவிட்டு மறுநாள் காலையில் அதே தெருவில் பால் வாங்கப் போகிறானே, யாரும் அவன் அப்பாவிடம் வந்து பஞ்சாயத்து வைப்பதில்லையே, அதுதான் எனக்குப் பொறாமை.

எங்கள் தெருவுக்குப் பின்னாலிருக்கும் ஊருணியில் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். மனு எழுதி வீடு வீடாகப் போனோம். "நல்லா எழுதியிருக்கீக தம்பி" என்று முதுகில் தட்டியவர்கள் பேனாவை நீட்டியதும், "நம்ம பேரு வேண்டாமே, அவுக நமக்குச் சம்பந்தி முறை" என்றார்கள். கோழைகள் என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதல் பத்திரிகை அவர்களுக்குத்தான் வைக்க வேண்டும்.

முகத்தை மறைத்து நியாயம் கேட்க நம் ஊரில் ஏற்கனவே இருந்த வழி மொட்டைக் கடுதாசி. ரேஷன் கடையில் எடை குறைவதைத் தாலுகா ஆபீசுக்குச் சொன்னதும் அதுதான், நிச்சயமான பெண்ணைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிக் கல்யாணத்தை நிறுத்தியதும் அதுதான். எழுதியவனைக் கேட்டால் இரண்டுமே நியாயம் என்பான்.

கதையில் இந்தத் தொல்லை இல்லை. முகமூடிக்குள் இருப்பவன் நல்லவன் என்று கதாசிரியரே ஜாமீன் கொடுத்துவிடுகிறார். 2009-ல் வந்த 'கந்தசாமி'யில் முருகன் கோயிலில் மக்கள் கட்டும் மனுக்களைப் படித்துச் சேவல் வேஷக்காரர் தீர்த்துவைப்பார். அத்தனை மனுவில் ஒன்றுகூடப் பங்காளித் தகராறில் பொய்யாக எழுதியது இல்லையாம்! அநியாயம் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லிக் கொல்லங்குடி வெட்டுடையார் காளியிடம் காசு வெட்டிப் போடப் போகிறவனுக்குக்கூட, நம் பக்கம் நியாயம் இல்லையென்றால் திருப்பி அடிக்குமோ என்ற பயம் இருக்கும். முகமூடிக்காரனுக்கு அந்தப் பயமும் கிடையாது.

அதனால்தான் ஆலன் மூர் எழுதி, டேவிட் லாய்ட் வரைந்து, 1982-ல் தொடராக ஆரம்பித்த 'வி ஃபார் வென்டெட்டா' சித்திரக்கதையை ஒரு படி மேலே வைக்கிறேன். அரசே வேண்டாம் என்கிற முகமூடிக்காரன் வி, தன்னை நம்பி வந்த ஈவி என்ற பெண்ணை அரசாங்கம் பிடித்துவிட்டதாக நம்பவைத்து, தானே அமைத்த சிறையில் அடைத்து, மொட்டையடித்து வதைக்கிறான். அப்புறம், உன்னை விடுவிக்கத்தான் இதெல்லாம் என்கிறான். அந்தப் பக்கங்களைப் படித்தபின் அவனை ஹீரோ என்று சொல்ல வாய் வராது, வில்லன் என்று தள்ளவும் மனசு வராது. மூர் ஜாமீன் தரவில்லை. அந்தக் கதையை எடுத்த சினிமாவில் கடைசியில் ஊரே வி-யின் முகமூடியைப் போட்டு வரும், நாம் கைதட்டிவிட்டு எழுந்துவிடலாம். மூர் அந்தப் படத்தில் தன் பெயரே வேண்டாம் என்றுவிட்டார். (போராட்டக்காரர்கள் வாங்கும் அசல் வி முகமூடிக்கு உரிமைத்தொகை போவது படத்தை எடுத்த வார்னர் கம்பெனிக்கு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.)

முகத்தை மறைத்தால்தான் எதிர்க்க முடியும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் தேவகோட்டை நீதிமன்றம் எரிந்தது. திருவாடானைச் சிறையை ஜனங்கள் உடைத்து விடுதலைப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. "கூட்டமும் ஒரு முகமூடிதானே" என்றார் நண்பர் ஒருவர். பாதி சரி. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலா இருந்திருக்கும்?

முகமூடிக்காரன் தப்பான வீட்டுக்குள் புகுந்து தப்பான ஆளை அடித்துவிடும் கதையை யாராவது தமிழில் எழுதினால் முதல் பிரதி எனக்குத்தான். களம் செட்டிநாடாக இருக்கட்டும். வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். தப்பித்து ஓட இதைவிட வசதி எந்த ஊரில் இருக்கிறது?