‘விசர் டொக்டர்’ ஆகப் பயப்படும் பிள்ளைகள்

யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைத்தால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். அதே பிள்ளை பிறகு "நான் சைக்கியாட்ரி செய்யப்போறன்", அதாவது மனநல மருத்துவம், என்றால், "ஏன், சேர்ஜரி கிடைக்காதாமோ?" என்று கேட்பார்கள். கலியாணம் பேசும் வீட்டில் இன்னும் மோசம்.

சரி, சனத்தை விடுவோம். எனக்குக் கவலை மாணவர்களைப் பற்றித்தான். மூளையில் சுரக்கும் டோபமைன் பற்றிக் கேட்டால் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். மனநல வாட்டுக்குள் வந்தால் கட்டிலை விட்டு இரண்டு முழம் தள்ளி நிற்பார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் பார்ப்பது நோயின் மிக மோசமான நாட்களை. நித்திரையில்லாமல், சத்தம் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் பிடித்துக் கூட்டிவந்த ஆளைப் பார்க்கிறார்கள். மாதங்கள் கழித்து அதே ஆள் அயன் பண்ணின சேட்டோடு கிளினிக்குக்கு வந்து, ஊசியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் பஸ் பிடிப்பார். அதைப் பார்க்க மாணவர் அங்கே இல்லை, வேறு வாட்டுக்குப் போய்விட்டார். "இவங்களுக்குச் சுகம் வராது" என்ற எண்ணம் மட்டும் அவரோடு போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய பாடம் மற்ற வாட்டுகளில் நடக்கிறது. ஓரிடத்தில் ஓர் அம்மா வயிற்றுநோவு, சத்தி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிளினிக் கொப்பியில் லித்தியம் என்ற மனநோய் மருந்து எழுதியிருந்ததைப் பார்த்த பெரிய டொக்டர், "சைக் கேஸ்" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பின்னால் நின்ற பெடியளும் சிரித்தார்கள். பிறகு ஸ்கான் செய்தால் பித்தப்பையில் கல்! லித்தியம் எடுப்பவர் சத்தி எடுத்து உடம்பில் நீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம். உடனே இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். அந்தக் கட்டிலடியில் படிப்பிக்க வேண்டியது அதைத்தான். பெடியள் படித்தது சிரிக்க.

இத்தனை ஷெல்லடியும் இடம்பெயர்வும் கண்ட ஊர் இது. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் இன்னும் தெருவில் இருக்கிறார்கள். மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலும் இங்கே நின்று வைத்தியம் பார்த்தார், மருத்துவபீடத்தில் படிப்பித்தார். முன்மாதிரி இல்லாத ஊரில்லை.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு நோயாளியைக் கொடுங்கள். வாட்டில் அனுமதித்த நாளிலிருந்து, வீட்டுக்குப் போய், கிளினிக் வந்து, வேலைக்குத் திரும்பும்வரை அவரைத் தொடரட்டும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டுக் காசும் வேண்டாம். நேர அட்டவணையைக் கொஞ்சம் மாற்றினால் போதும்.

ரவுண்டில் சிரிக்கும் பெரியவர்களை யார் திருத்துவது? அதைக் கீழே கருத்துகளில் பேசுவோம். பெயர்களை மட்டும் போட்டுவிடாதீர்கள்.