உள்ளானையும் எழுதுங்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், வலசைப் பறவைகள் வந்திறங்க, பறவை பார்க்கிறவர்களின் முகநூல் பக்கங்கள் களைகட்டிவிடும். ஒருவர் வரித்தலை வாத்து போடுவார். இன்னொருவர் ஆறுமணிக்குருவி. எங்கோ ஓர் ஏரி நடுவே பட்ட மரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு கழுகு. படத்துக்கு மேலே 'லைஃபர்!' (வாழ்க்கையில் முதல் முறை பார்த்த பறவை) என்று ஒரு துள்ளல், கீழே 'சூப்பர் சார், லொக்கேஷன் ப்ளீஸ்' என்று வரிசையாக ஆட்கள். எனக்கும் இந்த மாதங்கள் ரொம்பப் பிடிக்கும். வேலூர் வெயிலில் வருஷம் முழுக்கக் காய்கிறவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான் மூச்சு விடுகிற காலம்.

ஆனாலும் ஒரு மனக்குறை. இத்தனை பதிவுகளில் நம் ஏரி எங்கேயாவது தெரிகிறதா? படம் முழுக்கப் பறவை நிறைந்திருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் மங்கல். தண்ணீர் எவ்வளவு கிடந்தது, சேறு எந்தப் பக்கம் தெரிந்தது, அந்தப் பறவையோடு வேறு என்னென்ன இருந்தன, எத்தனை இருந்தன என்று ஒரு வரி இருக்காது. அதே கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய உள்ளான் என்கிற சின்னக் கரையோரப் பறவையைப் பற்றிப் பேச்சே கிடையாது. அபூர்வமானதைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உள்ளானையும் எழுதுங்கள், அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

வட ஆற்காடு என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. 1989இல் ஒரு முறை பிரித்தார்கள், 2019இல் வேலூரை மறுபடி மூன்றாக்கினார்கள். மாவட்டவாரியாகப் பட்டியல் வைத்திருந்த நண்பர்கள் பாடு திண்டாட்டம். காவேரிப்பாக்கத்தில் பார்த்த வாத்தெல்லாம் ஒரே நாளில் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது, ஏலகிரியில் பார்த்ததெல்லாம் திருப்பத்தூருக்கு. பறவைகளுக்கு யாரும் அரசாணை அனுப்பவில்லை போல, அவை பாட்டுக்கு வந்து போகின்றன.

இங்கே வருகிறவை என்ன ஏதென்று பார்த்தால், முதலில் வருவது வடகிழக்கு மழைக்கு முன்னாலேயே. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போதே உள்ளான்கள் வந்துவிடும். வடக்கே கோடைக்காலம் குறுகியது, குஞ்சு பொரித்த கையோடு கிளம்பிவிடுகின்றன. புரட்டாசியில் கரண்ட் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். வேலிக்காத்தான் முள்ளின் உச்சியில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து கத்த ஆரம்பிக்கும். போன வருஷம் பிடித்த அதே வேலியை இந்த வருஷமும் தேடி வரும் பழக்கம் அதற்கு உண்டு. ஜவ்வாது மலை ஓடைகளில் சாம்பல் வாலாட்டி. சூறைக்குருவி மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வரும். அப்புறம்தான் மழை, ஏரியில் தண்ணீர், அதற்கும் அப்புறம் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும். வாத்துகள் இறங்கினால் அவற்றின் தலைக்கு மேல் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து ரோந்து வரும்.

இதில் ஊசிவாலும் தட்டைவாயனும் சாதாரணம்தானே என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் குறைந்துவருவதாகச் சொல்லப்பட்டவற்றில் இவையும் உண்டு. அந்த அறிக்கை 942 இனங்களைப் பார்த்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தரவு கிடைத்தது 338 இனங்களுக்குத்தான், அவற்றில் 60 சதவீதம் இறங்குமுகம். பனங்காடை கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆரணி ரோட்டில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கம்பியில் பார்க்கலாமே, அந்தப் பனங்காடைதான். அதைப் படம் எடுத்துப் போட்டால் மூன்று லைக் விழும், அதில் ஒன்று மச்சானுடையது.

இந்த அறிக்கையை எழுத வைத்தது யார்? சுமார் 30,000 பேர் இபேர்ட் என்கிற பறவைப் பதிவுச் செயலியில் போட்டுவைத்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். அதில் நிறைய மைனா, காக்கை மாதிரி அன்றாடப் பறவைகள். அந்தச் செயலியில் பட்டியலை முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று. ஆமாம் என்று சொல்ல முடிகிற பட்டியல்தான் ஆய்வாளர்களுக்கு உயிர். ஏனென்றால் அதில் இல்லாத பறவைக்கும் அர்த்தம் உண்டு. பத்துப் பேர் பத்து முறை போய் எல்லாவற்றையும் எழுதி, அதில் நீலச்சிறகி ஒரு முறைதான் வந்தது என்றால், அது ஒரு செய்தி. பத்துப் பேரும் அபூர்வத்தை மட்டும் போட்டால் நீலச்சிறகி குறைந்ததா, இல்லை யாருக்கும் எழுதத் தோன்றவில்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. பெரிய கணக்கெடுப்புகள் பெரும்பாலும் தை மாதத்தை ஒட்டித்தான் நடக்கின்றன. 2015லிருந்து பொங்கல் விடுமுறையில் நடக்கும் கணக்கெடுப்பும் அப்படித்தான். நல்ல விஷயம், தவறாமல் கலந்துகொள்ளுங்கள். ஆனால் தையில் எண்ணினால் இங்கே தங்கிவிட்டவைதான் கணக்கில் வரும். புரட்டாசி, ஐப்பசியில் இரண்டு நாள் இறங்கி, தின்று, இன்னும் தெற்கே போய்விட்டவை வராது. அந்த இரண்டு மாதக் கணக்கு நம் கையில்தான் இருக்கிறது. பழவேற்காட்டுக்கும் வேடந்தாங்கலுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போகிறோம், போகட்டும். பக்கத்து ஏரிக்கு எழுத ஆள் இல்லையே.

சரி, உள்ளானில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு காலைவேளை ஏரியின் தண்ணீர் ஓரத்தில், எருமைகள் நடந்து போன இடமாகப் பார்த்து உட்காருங்கள். குளம்பு பதிந்த பள்ளங்களில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி, அதில் புழுபூச்சி நெளிந்துகொண்டிருக்கும். அந்தப் பள்ளம் பள்ளமாக அலகை விட்டுக்கொண்டு ஒன்று வரும். முதுகில் உப்பு தூவினது மாதிரி வெள்ளைப் பொட்டு, கண்ணுக்கு மேல் நீளமான வெளுத்த புருவம், கால் மஞ்சளாக இருந்தால் பொறி உள்ளான். சதா பின்புறத்தை ஆட்டிக்கொண்டே இருந்து, தோள்பட்டைக்கு முன்னால் வயிற்று வெள்ளை மேலே ஏறியிருந்தால் சாதா உள்ளான். மேலே நன்றாகக் கறுத்து, தனியாக ஒதுங்கி, வாய்க்கால் ஓரம் நிற்பது பச்சை உள்ளானாக இருக்கலாம். நிற்கும்போது சந்தேகம் தீராது. அது எழும்பிப் பறக்கிற அந்த ஒரு நொடிதான் பரீட்சை. இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு, இடுப்பு பளீரென்று வெள்ளை என்றால் பச்சை உள்ளான். அடிப்பக்கம் வெளுப்பு என்றால் பொறி. எழும்போதே கத்தும், அந்தக் குரல் பிடிபட்டுவிட்டால் பைனாகுலரே வேண்டாம். ஒரு கழுகு படத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்கிறவர் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லட்டும், நான் டீ வாங்கித் தருகிறேன்.

இந்தப் பறவைகளுக்கு வேண்டியது தண்ணீர் கூட இல்லை, தண்ணீரின் ஓரம். கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆழத்தில்தான் மேய முடியும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து ஏரிகளெல்லாம் கோடி போனபோது ஊரே கரைக்கு வந்து பார்த்தது, பார்க்க வேண்டிய காட்சிதான். அப்படி நிரம்பியிருக்கும்போது உள்ளானுக்கு இடம் கிடையாது, வயல்களுக்குப் போய்விடும். அதில் தப்பில்லை. நிரம்புவதும் வற்றுவதும்தான் ஏரி. தண்ணீர் இறங்க இறங்கச் சேறு தெரியும், அவை திரும்பி வரும்.

தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. நம் பக்கம் ஓர் ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று ஆரம்பித்தார்கள். ஊர் பேர் வேண்டாம். ஜேசிபியை இறக்கிச் சரிவாக இருந்த உட்பக்கத்தைச் செங்குத்தாக வெட்டினார்கள், கரையில் கல் பதித்தார்கள், நடைபாதை, சோலார் விளக்கு, நடுவில் ஒரு திட்டு. நடக்கிறவர்களுக்கு வசதிதான், காலையில் நானும் நடக்கிறேன். ஆனால் இப்போது அந்த ஏரியில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஓரம் என்று ஒன்று வருவதே இல்லை. சவுடு மண் எடுத்த பள்ளங்களிலும் இதே கதை. நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், எட்டிப் பார்க்கிறவர்கள் 'பறவைதான் இருக்கிறதே' என்பார்கள். முன்னால் இங்கே பொறி உள்ளான் கூட்டமாக மேய்ந்தது என்று சொன்னால் எங்கே ஆதாரம் என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. நம்மிடம் என்ன இருக்கிறது? அந்த ஏரியில் ஒரு தடவை வந்து இறங்கிய ஏதோ ஓர் அபூர்வப் பறவையின் படம் இருக்கிறது. வருஷா வருஷம் வந்த உள்ளானின் எண்ணிக்கை இல்லை.

காவேரிப்பாக்கம் ஏரி மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்கிறார்கள். மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்ததோடு ஏரியும் வெட்டினான், கோயிலின் கல்வெட்டு அந்த ஏரியை மகேந்திர தடாகம் என்கிறது. ஏரி வெட்டினவன் பேர் 1,400 வருஷம் நிற்கிறது, அதில் போன ஐப்பசியில் என்ன இறங்கியது என்பதற்கு ஒரு சீட்டு கிடையாது.

எழுதாவிட்டாலும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏரிக்குள் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் என் பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் தேடுற?" என்றார். வாத்து வந்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொன்னேன். "அது இன்னும் வரல. பருந்து ஒண்ணு நேத்து சுத்திக்கினு இருந்துச்சி, அது வந்தா பின்னாலயே வாத்தும் வந்துடும்" என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் இப்படிப் படித்ததில்லை, வாத்தைத் தேடித்தான் பருந்து வரும் என்று நினைத்திருந்தேன். அவர் கணக்கு சரியா என்று பார்க்கவும் தேதி போட்ட பட்டியல்தான் வேண்டும்.

இடத்தைச் சொன்னால் வேட்டைக்காரன் வந்துவிடுவான் என்று ஒரு வாதம் உண்டு. கூட்டுக்கும் ஆந்தை அடையும் பாறைக்கும் அது நூற்றுக்கு நூறு சரி, அங்கே வாயைத் திறக்கவே கூடாது. திறந்த ஏரிக்கு எனக்கு இதில் உடன்பாடில்லை. வலை போடுகிறவர் முகநூல் பார்த்து வருவதில்லை, அவர் ஏற்கெனவே ஏரிக்கரையில்தான் இருக்கிறார். முகநூல் பார்த்து வருகிறவர்கள் கேமராக்காரர்கள். பறவையின் குரலை ஸ்பீக்கரில் போட்டு அதை வெளியே இழுக்கிற கூட்டத்துக்குத்தான் நாம் பயப்பட வேண்டும். இடத்தோடு வெளியே சொன்னதால் நல்லது நடந்ததும் உண்டு. 2012இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் அமூர் வல்லூறுகளை வலை போட்டுக் கொத்துக் கொத்தாகப் பிடித்ததைப் படமெடுத்து வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் முன்னின்று அதை நிறுத்தினார்கள்.

இந்தப் பருவத்தில் ஆறுமணிக்குருவிக்காக மட்டும் ஒரு வார்த்தை. ராத்திரியில் பறந்து வரும் பறவை அது. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபரில் களைத்துப்போய் வீட்டு மாடிப்படி கீழே, கார் ஷெட்டில் என்று எங்கேயாவது விழுந்து கிடக்கும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். பார்த்தால் விட மனசு வராது, கையில் வைத்து செல்ஃபி எடுக்கத் தோன்றும். வேண்டாம். காக்கை கொத்தாத இடமாக, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டால் பொழுது சாயும் நேரம் மரங்கள் அடர்ந்த இடத்தில் விடலாம், தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள், அது வந்து சேர்ந்த தேதி.

அபூர்வப் படம் போட்டால்தான் புதிதாகப் பசங்க வருவார்கள், உள்ளான் பட்டியல் போட்டால் ஓடிவிடுவார்கள் என்று ஒரு தம்பி சொன்னான். பாதி உண்மை. அப்படி வந்த பசங்களை இரண்டாவது வாரம் என்ன செய்யச் சொல்கிறோம்? அபூர்வம் வாராவாரம் வராது. பக்கத்து ஏரி அங்கேயேதான் இருக்கும், சைக்கிளில் போய்விடலாம்.

காவேரிப்பாக்கத்துக்குப் போக ஆள் இருக்கிறது, வேலூர்க் கோட்டை அகழிக்கும் யாராவது போகிறார்கள். மகேந்திரவாடி, மோர்தானா அணை, குடியாத்தத்துக்குச் சுற்றிலும் இருக்கிற சின்னச் சின்ன ஏரிகள், இவற்றின் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த வாரமே ஒரு காலை கால் மணி நேரம் நின்று எல்லாவற்றையும் எழுதுங்கள். தண்ணீர் மதகுக்கு மேலேயா கீழேயா, சேறு தெரிகிறதா என்பதையும் சேர்த்து. எந்த உள்ளான் என்று பிடிபடவில்லையென்றால் படத்தை இங்கேயே கமெண்டில் போடுங்கள். பறக்கிற படமாக, இறக்கையின் அடிப்பக்கமோ இடுப்போ தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது, சேர்ந்து பார்க்கலாம்.